பதினாறாவது கிலோமீற்றர்

நாலே முக்காலுக்குக் கல்லடிப் பாலத்தில்
என் சப்பாத்துச் சத்தமும்
தோணிக்காரர் ஒருவரின் இருமலும்தான்.
பழைய பாலத்து இரும்பைத் தொட்டுவிட்டுத் திரும்புவேன்.
தொடாத நாள் கணக்கில் சேராது.
இந்தச் சட்டத்தை நானே போட்டேன்.

காணிப் பதிவகத்தில் எழுதுவினைஞர்.
வயது நாற்பத்துமூன்று.
முழங்கால் இரண்டுக்கும் ஒரே வயதில்லை,
இடது மூத்தது.

குளிர்ப்பெட்டிக் கதவில் பதினெட்டு வாரத் திட்டம்:
செவ்வாய் வேகம், வியாழன் மெது, ஞாயிறு தூரம்.
அந்தத் தாளின் முதுகில்
கணவாய்க் கறிக்கு எழுதிவைத்த அளவுகள்.
எந்தப் பக்கம் வெளியே தெரிகிறதென்று பார்த்தே
என் வாரம் எப்படிப் போனதென்று
குகராஜ் சொல்லிவிடுவார்.

மெலியத்தான் ஓடுகிறேன் என்று
கந்தோரில் நினைக்கிறார்கள்.
நான் பசிக்க ஓடுகிறேன்.
ஆறு கிலோமீற்றர் போனபின்
பாணின் கருகின ஓரத்துக்கும் ஒரு ருசி வரும்.
பதினாலு போனால் ஒரு சட்டித் தயிர்,
எருமைத் தயிர்,
குத்திவைத்த கரண்டி சாயாமல் நிற்கும்.
அதற்குள் பாணி மெல்ல இறங்க இறங்க
என் மூச்சும் இறங்கும்.
ஓடாத நாளில் அதே கடை, அதே சட்டி,
வெறும் தயிர்.

பூநொச்சிமுனையில் சுல்பிகா டீச்சர் சேர்ந்துகொள்வா.
கதைத்துக்கொண்டு ஓட முடிந்தால்தான் மெது ஓட்டமாம்.
நாங்கள் கதைப்பது முழுக்கச் சாப்பாடு.
இறாலுக்கு மிளகு இடித்த இடத்தில்
எனக்கு மூச்சு முட்டினால்
விடமாட்டா. "மறுகா?" என்பா.
நோன்பு மாதம் இரவு பத்துக்கு ஓடினோம்.
போத்தலில் கஞ்சி கொண்டுவந்தா, எனக்கும் சேர்த்து.
வயிற்றில் அது குலுங்கின சத்தம்
தெரு நாய்க்கும் கேட்டிருக்கும்.

இலக்கு ஒன்றுதான்:
இருபத்தொரு கிலோமீற்றர், இரண்டு மணித்தியாலத்துக்குள்.
ஒரு செக்கன் குறைந்தாலும் போதும்.

போட்டியன்று பாலத்தடியில் தொடக்கம்,
தாழங்குடாவில் திரும்பல்.
வரைபடம் கீறினவர் ஒன்றை யோசிக்கவில்லை:
காத்தான்குடியை இரண்டு தரம் கடக்கவேணும்.
போகும்போது ஐந்தாவது கிலோமீற்றர்.
பேரீச்ச மரங்களின் இரண்டு பக்கமும் கடைகள் பூட்டிக் கிடந்தன.
வரும்போது பதினாறாவது.
எல்லாம் திறந்திருந்தது.

ஜவ்பர் நானாவின் கடை வாசலில் தாச்சி கொதித்தது.
"ஓடுற ஆக்களுக்குக் காசில்ல" என்று
தட்டை நீட்டினார்.
கால்தான் நின்றது.
நான் நிற்கவில்லையென்று இன்றைக்கும் வாதாடுவேன்.
சமோசா. இறைச்சி.
ஊதினேன், கடித்தேன், நாக்கு வெந்தது.
திரும்பிப் பார்த்த டீச்சர்
"பைத்தியமா உங்களுக்கு" என்றா.
பிறகு கையை நீட்டினா.

கடைசி மூன்றில் வெயில் ஏறிற்று.
பெருஞ்சீரகமும் மிளகாய்த்தூளும்
நெஞ்சுக்குள் என்னோடு ஓடின.
வாவிக் காற்று முகத்துக்கு நேரே.
இடது முழங்கால் தன் வயதைச் சொன்னது.
கோட்டைத் தாண்டிக் கையைத் திருப்பிப் பார்த்தேன்:
இரண்டு மணித்தியாலம், பத்தொன்பது செக்கன்.

இரவு குகராஜ் கணக்குப் பார்த்தார்.
நின்றது, வாங்கினது, ஊதினது, மென்றது.
"முப்பது செக்கன் வரும்" என்றார்.
"ஊதினதுதான் கூட. அடுத்த முறை ஆறினதா வாங்கு."

ஆறின சமோசாவுக்கு
யார் நிற்பார்?

தாளைத் திருப்பிக் கணவாயை உள்ளே தள்ளினேன்.
முதல் பத்துக்குள் முப்பது செக்கன் மிச்சம்பிடிக்கவேணும்,
சூட்டோடு ஒன்றுக்கு, ஊதுகிற நேரமும் சேர்த்து.
செவ்வாய், வேகம்.
பாலத்து இரும்பு பனியில் நனைந்திருந்தது.
தொட்ட விரலை
ஏனோ மோந்து பார்த்தேன்.